கோப்பி மாப்பிள்ளையும் வெட்சிப் பெண்ணும்

1

கோப்பிச் செடிக்கும் வெட்சிச் செடிக்கும் நாங்கள் கலியாணம் செய்துவைத்து இந்த வைகாசியோடு ஓராண்டு ஆகிறது. மாப்பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டார். பெண் பங்களா வாசலில் கொத்துக் கொத்தாகச் சிவந்து, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் நிற்கிறாள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். கடல் தாண்டிக் கண்டிச் சீமைக்குப் போனவன், மலை எப்படி, குளிர் எப்படி, துரைமார் எப்படி என்று எழுதுவான் என்று பார்த்தால், செடிக்குத் தாலி கட்டின கதையைச் சொல்கிறானே என்பீர்கள். அதெல்லாமும் இதற்குள்தான் வருகிறது. நான் எண்சுவடியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவன். வரிசையாக எழுத வராது. மனத்தை அரிப்பதை எழுதத்தான் வரும். மனத்தை அரிப்பதற்கு எனக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. மழை பெய்தால் மண் சரியுமோ என்று கவலை, பெய்யாவிட்டால் செடி காயுமோ என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், ஏன் இன்றைக்குக் கவலை வரவில்லை என்று ஒரு கவலை.

ஆனால் ஓராண்டாக இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். என் மகள் பேச்சி. கட்டிக்கொடுத்த ஆண்டே அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அவளை இன்னொருவருக்குக் கட்டிக்கொடுக்க முடியுமா முடியாதா என்பது, நம்பினால் நம்புங்கள், இந்த வெட்சிச் செடியின் கையில் இருந்தது.

2

வெட்சி உங்களுக்குத் தெரியும். முருகனுக்குச் சாத்துகிற சிவப்புப் பூ. குழந்தைகள் காம்பைப் பிடுங்கித் தேன் உறிஞ்சுமே, அதுதான். நம் ஊரில் கோயில் நந்தவனத்தில் ஒரே ஒரு செடி நின்றது. அதற்கு ஊரே தண்ணீர் சுமந்தது. நான் வத்தேகமைக்கு மேலே இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் மழைக்காலத்தில், காட்டு விளிம்பில் அதே பூ ஆள் உயரத்துக்குப் புதர் புதராய், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் நிற்பதைப் பார்த்தேன். முதலில் பயந்துபோனேன். நம் செடியைப்போல வேஷம் போட்ட விஷச்செடியாக இருக்குமோ என்று நினைத்தேன். சந்தைக்குப் போகிற சிங்களப் பெண்கள் அதைக் கூந்தலில் செருகியிருந்ததைப் பார்த்த பிறகுதான் தொட்டேன். ரத்மல் என்கிறார்கள். சிவப்புப் பூ என்று அர்த்தமாம். இங்கே பிறந்து வளர்ந்த பேச்சிக்கு அது ரத்மல்தான். வெட்சி என்று சொல்லிக்கொடுத்தால், "ஹரி, ஹரி" என்பாள். அதாவது சரி, சரி. சரி என்று சொல்லக்கூட அவளுக்குச் சிங்களம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

பேச்சி ஓடியாடித் திரிகிற வயதுக்கு வந்தபோதும் நான் கோப்பி மலையில் களைதான் வெட்டிக்கொண்டிருந்தேன். பங்களாவில் துரைசானியம்மாவுக்கு ரோசாப்பூ பைத்தியம். கப்பலில் வந்த ரோசாக்கள் கண்டி மழையில் ஒரு பருவம் நனைந்து, இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, வரிசையாகச் செத்தன. அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். அதில் பாதி அந்த ரோசாக்களின் மரணத்தில் கற்றது.

"ரோசா செத்துப்போச்சு. அதுவும் செத்துப்போச்சு. நீ பூ வளர்க்கத் தெரியும்?" என்று வேலி ஓரமாகப் போன என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். தெரியாது என்றால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான்.

மறுநாள் காட்டுக்குப் போய் வெட்சிக் கிளைகள் ஒடித்தேன். சுண்டுவிரல் தடிப்பு, ரொம்ப முற்றாத பழுப்புக் கிளை, கணுவுக்குக் கீழே சாய்வெட்டு. ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வரும்போது ஆராய்ச்சி, அதாவது கிராமத்துத் தலைவர், மறித்தார். காடு அரசாங்கத்தின் சொத்தாம், அனுமதி இல்லாமல் ஒரு குச்சியும் எடுக்கக்கூடாதாம். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிர் மலை முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. கோப்பி நடுவதற்காக எங்கள் துரை காட்டுக்கு நெருப்பு வைத்திருந்தார். புகையில் ஆராய்ச்சிக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே என்னை விசாரித்தார். மலையை எரிக்கிறவருக்குக் கடுதாசி இருந்தது. குச்சி ஒடித்தவனிடம் இல்லை. கடைசியில் கூட வந்திருந்த பேச்சிதான் அவருடைய பாஷையில் ஏதோ சொல்லி, அவரைச் சிரிக்கவைத்து, என்னை மீட்டாள். என்ன சொன்னாய் என்றால், "அப்பாவுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லன்னேன்" என்றாள்.

கிளைகளை நிழலில் ஊன்றினேன். புதுத் தளிர் விட்டதும் பங்களாவின் முன்பக்கச் சுவரோரமாக நட்டேன். அங்கே இலை வெளுத்து மஞ்சளாயிற்று. வெள்ளையடித்த சுவரிலிருந்து மழைக்குச் சுண்ணாம்பு இறங்கினால் வெட்சிக்கு ஆகாது என்று அப்போதுதான் தெரிந்தது. பிடுங்கிக்கொண்டுபோய் வாசல் பாதையோரம் வைத்தேன். ஆலையில் உரித்துக் கொட்டுகிற கோப்பிப் பழத்தோலை மக்கவைத்து வேருக்கு அணைத்தேன். பூ உதிர்ந்ததும் நுனி கிள்ளினேன். மூன்றாம் மழைக்குப் பாதை முழுவதும் சிவப்பு. நான் பூந்தோட்டக்காரன் ஆனேன். வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நட்டிருந்த முருகன் வேலுக்கும் அங்கிருந்துதான் பூப் போயிற்று.

துரைசானியம்மா விருந்தாளிகளிடம் அதைக் காட்டி என்ன சொல்வார் தெரியுமா? சீமையிலிருந்து வந்த செடி என்பார். எதிரே காட்டில் அதே பூ கொத்துக் கொத்தாய்த் தெரியும். விருந்தாளிகளும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

3

பிறகு கோப்பிக்கு வியாதி வந்தது. இலையின் அடியில் காவி மஞ்சளாகப் பொடி. செடிக்குள் நுழைந்து வெளியே வந்தால் வேட்டியெல்லாம் மஞ்சள். பொடி படிந்த இலை உதிரும், இலை உதிர்ந்த கிளை காய்க்காது. மலை மலையாகக் குச்சிகள் நின்றன. துரை சுண்ணாம்பும் கந்தகமும் கலந்து அடிக்கச் சொன்னார். அடித்தோம். செடி செத்ததோடு எங்களுக்கும் தும்மல் வந்தது.

எங்கள் பெரிய கங்காணி மாயாண்டி. நம் ஊர்க்காரர்தான். எங்களையெல்லாம் கூட்டிவந்தவர், லயத்தில் யாருக்கு எந்தக் காம்பரா, அதாவது எந்த அறை, என்று தீர்மானிக்கிறவர். அவர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார், மோந்தார்.

"இது நோயில்லவே. மஞ்சள். பூசியிருக்கான்."

"யாரு அண்ணாச்சி?" என்றேன்.

"கோப்பி. வயசுக்கு வந்த பய. எத்தனை வருஷமாப் பூத்துக் காச்சுட்டு நிக்கான், ஒரு கலியாணம் காட்சி உண்டா? அரசுக்கும் வேம்புக்கும் நம்ம ஊருல கட்டிவைக்கலையா? அவன் மஞ்சளப் பூசிக்கிட்டு கேக்கான். நமக்குத்தான் புரியல."

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். கங்காணிக்கும் துரைக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்வது அவர் வேலை. மெல்லச் சிரித்தார். "துரை சுண்ணாம்பு அடி எண்டுறார். கங்காணியார் தாலி கட்டு எண்டுறார். செடி ரெண்டுபேருக்கும் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை."

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. கோப்பி போனால் தோட்டம் போகும், தோட்டம் போனால் எங்கே போவது? அப்படி நிற்கிறவனிடம், கலியாணம் செய்தால் பிழைக்கும் என்றால், முகூர்த்தம் எப்போது என்றுதான் கேட்பான்.

பெண் யார் என்பதில் பேச்சே இல்லை. வெட்சி முருகனுடைய பூ, நோய் தொடாத இலை, என்றும் பச்சை. வளர்த்தவன் நான், ஆகவே பெண்ணைப் பெற்றவன் நான். கங்காணி மாப்பிள்ளை வீடு. வெட்சி வரிசையின் கடைசியில் ஒரு கோப்பிச் செடியை வேரோடு கொண்டுவந்து நட்டு, வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நடத்தினோம். தப்பு மேளம் அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். மாப்பிள்ளைக்குத் துண்டு கட்டியபோது பாதி இலை துண்டோடு வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு இப்பவே முடி கொட்டுதே" என்றாள் என் மனைவி இசக்கி.

"பெண்ணு வீட்டுக்காரங்க வாயை மூடுங்க" என்றார் கங்காணி.

நான் உதிர்ந்த இலைகளைக் காலால் ஒதுக்கி மறைத்தேன். சாகப்போகிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிற தகப்பன் வேறு என்ன செய்வான்? ஒருமுறை, தெரியாமல், கொடுத்திருக்கிறேன்.

துரைசானியம்மா அன்று நுவரெலியாவில் இருந்தார். திரும்பி வந்து கேள்விப்பட்டு, பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

4

ஆவணிக்குள் மாப்பிள்ளை மொட்டைக் குச்சி. கார்த்திகையில் பிடுங்கி எறிந்தோம். மலையில் மற்றக் கோப்பியும் அதே வழி போயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். கங்காணி விடவில்லை.

"வெட்சி தாலியறுத்துட்டா. இனி அவ பூ வேலுக்கு ஆகாது."

"அண்ணாச்சி, அது செடி."

"கட்டும்போது செடின்னு சொன்னீரா? அப்ப பெண்ணு. அறுத்தப்புறம் செடியா?"

அந்த மழையில் வெட்சி முன் எப்போதும் பூக்காத பூப் பூத்தாள். வேருக்குக் கீழே மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள்தாம் எருவாக மக்கிக் கிடந்தார்கள். கங்காணி அந்தப் பாதையில் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வெக்கங்கெட்டவ. அறுத்தவளுக்கு இவ்வளவு சிவப்பு எதுக்கு?" என்பார். சொல்லும்போது செடியைப் பார்க்கமாட்டார். பூப்பறிக்க என்னோடு வந்து நிற்கிற பேச்சியைப் பார்ப்பார்.

ஏனென்றால் அந்த மாதம்தான் கம்பளையிலிருந்து வருகிற வண்டிக்காரர் ராமசாமி என்னிடம் வந்து பெண் கேட்டிருந்தார். அவருக்கும் மனைவி இறந்துவிட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டார்: "மாமா, பேச்சிக்குச் சம்மதம். உங்களுக்கு?" எனக்குச் சம்மதம் இல்லாமல் என்ன? பேச்சி சிரித்து அப்போதுதான் பார்க்கிறேன். ஆனால் லயத்தில் கங்காணி சொல்லாமல் கலியாணம் நடக்காது. போய்க் கேட்டேன்.

"அறுத்துக் கட்டுற வழக்கம் நமக்குக் கிடையாது" என்றார். "கட்டினீர்னா காம்பராவைக் காலிபண்ணிட்டுக் கட்டும். செடியே சுமங்கலியா இல்லாதப்போ பூ வேண்டாம்னு வச்சுருக்கோம். உம்ம மகளுக்கு ஒரு நியாயம், சாமிச் செடிக்கு ஒரு நியாயமா?"

ஊரில் இருக்கிற நீங்கள் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கலாம். வழக்கம் கிடையாதாம். மாயாண்டியின் சொந்த அத்தை அறுத்துக் கட்டியவர். அந்தக் கலியாணப் பந்தியில் நானும் மாயாண்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். உங்களுக்குத் தெரிந்ததுதான் இது. ஆனால் கடல் இருக்கிறதே, அது ஒரு விசித்திரமான தண்ணீர். அதைத் தாண்டும்போது எல்லோரும் ஒரு படி மேலே ஏறிவிடுகிறோம். அக்கரையில் கூழ் குடித்தவன் இக்கரையில் ஆசாரம் பேசுகிறான். பார்த்தவன் யாரும் பக்கத்தில் இல்லையல்லவா? பார்த்தவன் நான் ஒருவன் இருந்தேன். நானோ வாயைத் திறந்தால் காம்பரா போய்விடுமே என்று பயந்தவன்.

பேச்சி பயப்படவில்லை. "அந்தத் தெரணகமப் பக்கம் எங்க சிங்களக் கூட்டாளிப் பொண்ணு, புருஷன் செத்து மறுவருஷம் கட்டிக்கிட்டா. யாரும் ஒண்ணும் கேக்கல. நாமதான் செடிகிட்டல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கிறோம்" என்றாள்.

"அவங்க வழக்கம் வேற, தாயி."

"நம்ம வழக்கம் எதுன்னு நீங்க சொல்லுங்க. ஊர்ல இருந்ததா, கங்காணி மாமா இங்க வந்து செஞ்சதா?"

பிள்ளைகள் நம் கையை விட்டுப் போகிறார்கள் என்று இங்கே எல்லோரும் புலம்புகிறோம். கையில் என்ன வைத்திருக்கிறோம் என்று அவர்கள் விரலைப் பிரித்துப் பார்த்துவிடுகிறார்கள், அதுதான் உபத்திரவம்.

5

போன வெள்ளிக்கிழமை.

துரை கோப்பியைக் கைவிட்டுவிட்டார். ராமசாமி வண்டியில் புதுக் கன்றுகள் வந்து இறங்கின. தேயிலை என்கிறார்கள். தடித்த பச்சை இலை, அரம்போல ஓரம். இலையைக் கிள்ளி விற்கிற செடியாம். முதல் கன்றைப் பங்களா வாசலில், செத்த மாப்பிள்ளையின் குழியிலேயே துரை தன் கையால் நட்டார். அதற்குத் துரைசானியம்மா விருந்தாளிகளை வரவழைத்திருந்தார். வராந்தாவில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். லயத்து ஆட்கள் எல்லோரும் பாதையில் நின்றோம். பேச்சி, தாலியறுத்தவள் நிற்கவேண்டிய இடம் என்று கங்காணி வகுத்திருந்தபடி, கடைசியில் நீர்க்குடத்தோடு நின்றாள்.

அம்மா எழுந்து கங்காணியிடம் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார்: "போன வருசம் கலியாணம் நடந்ததாம், தான் காணேல்லையாம். இப்ப இந்தப் புதுச் செடிக்கும் அந்தச் சிவப்புச் செடிக்கும் கட்டிக் காட்டட்டாம். விருந்தாளியள் பாக்க வந்திருக்கினம். மஞ்சளெல்லாம் தயாராம்."

கங்காணியின் முகம் போன போக்கை நான் எழுதினால் நீங்கள் மிகை என்பீர்கள்.

"மொத இது என்ன சாதின்னு கேளுங்க" என்றார், நேரம் கடத்த.

"சீனத்து ஆளாம்."

"அது கிடக்கட்டும். பெண்ணுதான் தோதில்ல. அது தாலியறுத்ததுன்னு சொல்லுங்க."

கணக்கப்பிள்ளை சொன்னார். அம்மா கேட்டார், துரையைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். விருந்தாளிகளும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் தொண்டையைச் செருமினார்.

"சொல்லட்டோ, கங்காணியார்?"

"சொல்லுங்க."

"அம்மாவின்ரை முதல் புருசன் கொழும்பிலை காய்ச்சலிலை மோசம் போனவராம். எங்கடை துரையை ரெண்டாந்தரமாத்தான் முடிச்சவவாம். அப்ப தானும் இந்த வாசலிலை நிக்கக் கூடாதோ எண்டு கேக்கிறா."

கங்காணி தினமும் காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்துவதற்கு முன், அம்மா வராந்தாவுக்கு வரும்வரை காத்திருப்பவர். அம்மா முகத்தில் விழித்தால் நாள் நல்லபடி போகும் என்று எங்களையும் காக்கவைப்பவர். இத்தனை வருஷமும் யார் முகத்தில் விழித்தோம் என்று அவர் மனத்துக்குள் கணக்குப் பார்த்தது வெளியே தெரிந்தது.

"அவங்க வழக்கம் வேற" என்றார், யாரிடமும் இல்லாமல்.

இசக்கி கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டாள்: "செடிக்கு எந்த வழக்கம், அண்ணாச்சி? துரை வழக்கமா, நம்ம வழக்கமா?"

துரை பொறுமையிழந்து கைப்பிரம்பால் காலணியைத் தட்டினார். அந்தச் சத்தம் ஒன்று போதும். கங்காணி மஞ்சள் கிண்ணத்தை வாங்கினார். நூலை அதில் முக்கினார். குனிந்து, வெட்சியின் கிளையையும் சீனத்து மாப்பிள்ளையின் தண்டையும் சேர்த்து, தன் கையாலேயே முடிச்சுப் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவது முடிச்சுக்குத் தப்பு முழங்கிற்று. குலவை போடலாமா கூடாதா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இசக்கி போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள். கதிரைகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கங்காணி கிண்ணத்தில் மிச்சமிருந்த மஞ்சள் நீரை வேரில் ஊற்றப்போனார்.

"மாமா, கவுத்துராதீங்க."

பேச்சி குடத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்திருந்தாள். கூட்டம் வழி விட்டதா, அவளே பிளந்துகொண்டு வந்தாளா, தெரியவில்லை. சத்தம் போடாமல், உப்புக் கடன் கேட்கிற குரலில் சொன்னாள்: "அந்த மஞ்சள்ல இன்னொரு கயிறும் முக்கிக்கலாம். ராமசாமி வண்டியிலதான் நிக்கிறாரு."

தப்பு நின்றுவிட்டது. ராமசாமி வண்டியிலிருந்து இறங்கினார். நான் காம்பராவில் இருக்கிற சாமான்களை மனத்துக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டேன். பானை, அம்மி, பாய். யாரும் கேட்காமலே கணக்கப்பிள்ளை வராந்தாப் பக்கம் திரும்பி, பேச்சி சொன்னதை அப்படியே மாற்றிச் சொன்னார். துரைசானியம்மா கதிரையின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார்.

கங்காணி வெட்சியைப் பார்த்தார். முடிச்சு அவர் போட்டது. எல்லோரும் பார்க்கப் போட்டது. பேச்சியைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, ஒரு சொட்டும் அலுங்காமல் கிண்ணத்தை நீட்டினார்.

"பிடியும்வே" என்றார். "பெண்ணப் பெத்தவரு நீர்தானே. சிந்திராதேயும்."